ஊருக்குள் ஒரு கிறிஸ்தவ உயர்நிலைப்பள்ளி: வாசகர் கேள்வி – பதில்

கிராமத்தில் புதிதாகக் கிறிஸ்தவ உயர்நிலைப்பள்ளி தொடங்க முனைந்திருக்கும் வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். தொடக்கப்பள்ளிக்குப் பிறகு ஐந்து வகுப்புகள், வகுப்புக்கு இரண்டு பிரிவுகள், பிரிவுக்கு 40 பிள்ளைகள் என்ற அளவை வைத்தே கீழே கணக்குகள் போட்டிருக்கிறோம். உங்கள் அளவு வேறு என்றால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் சபை விசுவாசி ஒருவர் பள்ளிக்கென்று ஐந்து ஏக்கர் நிலம் கொடுக்க முன்வந்திருக்கிறார். சபையார் மிகுந்த உற்சாகத்தில் இருக்கிறார்கள். அடுத்த சபைநாள் விழாவிலேயே அடிக்கல் நாட்டிவிடலாமா?
– ஒரு சபைப் போதகர்

பதில்: வேண்டாம் ஐயா, கொஞ்சம் பொறுங்கள். நிலத்துக்கு முன்னால் பிள்ளைகளின் கணக்கு வேண்டும். சுற்றிலும் ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் தொடக்கப்பள்ளிகளுக்கு நேரில் போய், கடைசி வகுப்பில் எத்தனை பேர், போன ஆண்டு முடித்தவர்கள் இப்போது எங்கே என்று பதிவேட்டைப் பார்த்து எழுதுங்கள். ஆண்டுக்கு 170 பேர் முடிக்கிறார்கள், அவர்களில் 80 பேர் ஏற்கெனவே வேறு பள்ளிகளில் சேர்ந்துவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மீதி 90 பேர் வீட்டுக்கும் போங்கள். கூட்டம் கூட்டி, "பள்ளி வந்தால் அனுப்புவீர்களா?" என்று கேட்டால் எல்லாரும் கை தூக்குவார்கள். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "பிள்ளையை ஏன் நிறுத்தினீர்கள்?" என்று கேட்டால்தான் உண்மை வரும். தூரம், கட்டணம், சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதது, பெண் பெரியவளாகிவிட்டாள் என்ற தயக்கம், கணக்கில் தோற்றுப்போனது என்று காரணம் வீட்டுக்கு வீடு மாறும். அவற்றில் எதை உங்கள் பள்ளி தீர்க்கும் என்று பாருங்கள்.

தூரம் மட்டுமே தடை என்றால் பள்ளியே கட்டாமலும் வழி உண்டு. இந்தியாவின் பீகார் மாநிலம் 2006-ல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. அந்த வயதுப் பெண்கள் உயர்நிலைப்பள்ளியில் சேர்வது அதனால் 32 சதவீதம் கூடியது என்று பின்னர் நடந்த ஆய்வு காட்டியது. பள்ளியிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். ஆண்டுக்கு 40 பிள்ளைகள்கூட நிச்சயமாகத் தேறமாட்டார்கள் என்று கணக்கு சொன்னால், இருக்கிற பள்ளிக்குப் போய்வர உதவுவதும் மாலைப் படிப்பு நிலையம் நடத்துவதுமே அந்த ஊருக்குச் செய்யும் பெரிய நன்மை.

கணக்கு தேறினால் அடுத்தது கல்வித்துறை. புதிய பள்ளிக்கு எவ்வளவு நிலம், எத்தனை அறை, என்ன தகுதியுள்ள ஆசிரியர்கள், எவ்வளவு வைப்புத்தொகை என்று நாட்டுக்கு நாடு விதி மாறும். எழுத்தில் வாங்குங்கள். கட்டிவிட்டு அனுமதி கேட்கப் போனவர்கள், அறையின் அகலம் அரை மீட்டர் குறைகிறது என்று சுவரை இடித்ததுண்டு.

நிலப் பத்திரம் பள்ளியை நடத்தும் அறக்கட்டளை அல்லது சங்கத்தின் பெயரில்தான் இருக்க வேண்டும். போதகர் பெயரிலோ கொடுத்தவரின் குடும்பத்தார் பெயரிலோ இருக்கக் கூடாது. கொடுப்பவரின் பிள்ளைகளும் கையெழுத்திடட்டும். அவர் காலத்துக்குப் பிறகு வழக்கு வருவது பெரும்பாலும் அங்கிருந்துதான். "என் குடும்பத்தில் ஒருவர் எப்போதும் தாளாளராக இருக்க வேண்டும்" என்பது போன்ற நிபந்தனையோடு வரும் நிலத்தை அன்போடு மறுத்துவிடுங்கள். நிலத்துக்குப் போகும் பாதை யாருடையது, மழைக்காலத்தில் தண்ணீர் எதுவரை ஏறும், மேலே உயர் அழுத்த மின்கம்பி போகிறதா என்று பாருங்கள். பத்திரம் முடிக்குமுன் நிலத்தடி நீரைச் சோதனைக்கு அனுப்புங்கள். உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு புளோரைடு 1.5 மில்லிகிராம், நைட்ரேட் 50 மில்லிகிராம், ஆர்சனிக் 10 மைக்ரோகிராம். புளோரைடும் ஆர்சனிக்கும் கொதிக்கவைத்தாலும் போகாது.

கேள்வி: ஐந்து வகுப்புகளையும் ஒரே ஆண்டில் தொடங்கினால் கட்டண வருமானம் உடனே வந்துவிடும் என்கிறார் எங்கள் பொருளாளர். ஒரு வகுப்பில், அதுவும் ஒரே பிரிவோடு தொடங்கினால் செலவு குறையும் என்கிறார் இன்னொருவர். எது சரி?
– பள்ளி அமைப்புக் குழுச் செயலாளர்

பதில்: இரண்டும் சரியில்லை. முதல் ஆண்டில் முதல் வகுப்பு மட்டும், ஆனால் இரண்டு பிரிவுகள். பிறகு ஆண்டுக்கு ஒரு வகுப்பு கூட்டுங்கள்.

மேல் வகுப்புகளில் முதல் ஆண்டே சேர வருபவர்களில் பலர் வேறு பள்ளியில் தேறாமல் வருகிறவர்கள். அவர்களைப் பொதுத்தேர்வுக்குத் தயாராக்க உங்களுக்கு ஒன்றிரண்டு ஆண்டுகளே இருக்கும். புதிய பள்ளியின் முதல் தேர்வு முடிவு அந்தப் பிள்ளைகள் தலையில் விழும், ஊர் அதை வைத்தே பள்ளியை எடைபோடும். அது அவர்களுக்கும் நியாயமில்லை.

பிரிவுக் கணக்கைப் பொருளாளரோடு உட்கார்ந்து போடுங்கள். நாளுக்கு 8 பாடவேளை, வாரத்துக்கு 5 நாள் என்றால் ஒரு பிரிவுக்கு 40 பாடவேளை. தாய்மொழி 7, இரண்டாம் மொழி 7, கணிதம் 7, அறிவியல் 7, சமூக அறிவியல் 5, உடற்கல்வி 2, வேதபாடம் 2, கைத்தொழில் 2, நூலகம் 1. ஓர் ஆசிரியர் வாரம் 28 பாடவேளை எடுக்கலாம்; அதற்கு மேல் போனால் நோட்டுத் திருத்தம் நின்றுபோகும். இரண்டு பிரிவுகளுக்கும் கணிதமும் அறிவியலும் சேர்ந்தால் 28. இரு மொழிகளும் சேர்ந்தால் 28. மற்றவை எல்லாம் 24. ஆக மூன்று ஆசிரியர்கள், அவர்களோடு வாரம் பத்துப் பன்னிரண்டு பாடவேளை எடுக்கும் தலைமையாசிரியர் ஒருவர். தலைமையாசிரியர் பாடம் எடுத்தால்தான் ஒருவர் விடுப்பு எடுக்கும் நாளில் வகுப்பு ஆதரவற்று நிற்காது.

ஒரே பிரிவு வைத்தாலும் இதே பாடங்களுக்கு இதே மூன்று பேர் வேண்டும். ஆளுக்கு 12 முதல் 14 பாடவேளைதான் வேலை இருக்கும், சம்பளம் முழுசாகப் போகும். பிள்ளைகளோ பாதி. பகுதிநேர ஆசிரியர் கிடைக்கும் ஊராக இருந்தால் மட்டுமே ஒரு பிரிவு கட்டுப்படியாகும். கிராமத்தில் அது அரிது.

ஐந்தாம் ஆண்டில் 10 பிரிவுகள், 400 பாடவேளை. 28-ஆல் வகுத்தால் 14.3 வரும். பாடப்பொருத்தம் காகிதக் கணக்குப்படி அமையாது என்பதால் தலைமையாசிரியரோடு 16 பேர் என்று வையுங்கள். முதல் ஆண்டில் 80 பிள்ளைகளுக்கு 4 பேர், அதாவது ஆசிரியருக்கு 20 பிள்ளை. நிறைந்த பள்ளியில் 400-க்கு 16, ஆசிரியருக்கு 25 பிள்ளை. இந்த இடைவெளிதான் முதல் சில ஆண்டுகளின் பற்றாக்குறை. இதோடு இடையில் நின்றுபோகும் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலில் சேர்ந்த 80 பேரும் ஐந்தாம் ஆண்டில் அப்படியே இருப்பார்கள் என்று வரவுத்திட்டம் போடாதீர்கள். ஆண்டுதோறும் ஆறேழு பேர் குறையலாம் என்று வைத்துப் போட்டுப் பாருங்கள்.

பொதுத்தேர்வு எழுதும் முதல் அணியிலிருந்து பின்னோக்கி ஒரு கால அட்டவணை எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். தேர்வுக்குப் பதிவு எப்போது, அதற்கு நிரந்தர அங்கீகாரம் எப்போது வேண்டும், அதற்கு ஆய்வு எப்போது, ஆய்வுக்கு ஆய்வகமும் நூலகமும் எப்போது முடிய வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பின்னால் வாருங்கள். தற்காலிக அனுமதியைப் புதுப்பிக்க மறந்து, கடைசி ஆண்டில் பிள்ளைகளை வேறு பள்ளியின் பெயரில் தேர்வு எழுத வைக்கும் நிலை பல இடங்களில் வந்திருக்கிறது. உங்களை நம்பி வந்த முதல் அணிக்கு அதைச் செய்துவிடாதீர்கள்.

கேள்வி: கட்டிடத்துக்கு நன்கொடை எளிதில் கிடைக்கிறது. சம்பளத்துக்கு யாரும் தர முன்வருவதில்லை. என்ன செய்வது?
– பொருளாளர்

பதில்: கட்டிடத்தில் பெயர்ப்பலகை வைக்கலாம், சம்பளத்தில் வைக்க முடியாது என்பதே காரணம். ஆகவே நன்கொடை கேட்கும்போதே கட்டிட மதிப்பீட்டுக்குள் முதல் மூன்று ஆண்டுப் பற்றாக்குறையையும் சேர்த்து "தொடக்க நிதி" என்ற ஒரே தொகையாகக் கேளுங்கள். தனியாகக் கேட்டால் கிடைக்காது. ஆறு மாதச் சம்பளம் வங்கியில் தனிக் கணக்கில் சேராமல் இரண்டாவது கட்டிடத்துக்கு அஸ்திவாரம் தோண்டுவதில்லை என்று குழுவில் தீர்மானம் எழுதுங்கள். நிறைந்த பள்ளியிலும் நடப்புச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு சம்பளம்தான் என்று வைத்துத் திட்டமிடுவது பாதுகாப்பு.

கட்டிடம், நடப்பு, உதவித்தொகை ஆகிய மூன்றுக்கும் மூன்று கணக்குகள். வரிசை எண் அச்சிட்ட ரசீது, காசோலைக்கு இரண்டு கையெழுத்து, ஆண்டுக்கு ஒருமுறை வெளித் தணிக்கை. கையெழுத்திடும் இருவரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது. தணிக்கை அறிக்கையின் சுருக்கத்தைப் பெற்றோர் கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள். காணிக்கைப் பணத்தில் நடக்கும் பள்ளிக்கு இதைவிடப் பெரிய சாட்சி இல்லை.

இலவச இடங்கள் எத்தனை என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். 400 பேரில் 60 பேர் என்றால் அந்த 60 பேரின் கட்டணத்தை உதவித்தொகைக் கணக்கு நடப்புக் கணக்குக்குச் செலுத்த வேண்டும். அந்த வரவு இல்லாமல் இரக்கப்பட்டு ஒவ்வொருவராகச் சேர்த்துக்கொண்டே போனால், இரண்டாம் ஆண்டில் அந்த இரக்கத்தின் விலையை ஆசிரியர்கள் கொடுக்க நேரும். விவசாய ஊர் என்றால் கட்டணத் தவணைகளை அறுவடைக்குப் பிறகு வரும்படி வையுங்கள். கட்டணம் கட்டாத பிள்ளையை வகுப்பைவிட்டு எழுப்பி நிறுத்துவது மட்டும் உங்கள் பள்ளியில் என்றும் நடக்கக் கூடாது. பேச வேண்டியது பெற்றோரிடம்.

கேள்வி: எத்தனை கழிவறை, எவ்வளவு தண்ணீர்? எங்கள் வரைபடத்தில் ஒரு மூலையில் நான்கு கழிவறைகள் மட்டும் போட்டிருக்கிறார்கள்.
– ஓர் ஆசிரியை

பதில்: அந்த வரைபடத்தைத் திருப்பி அனுப்புங்கள் அம்மா. பெண்பிள்ளைகள் மாதத்தில் சில நாள் வராமல் போய், அப்படியே நின்றுவிடுவதற்கு இந்த மூலைதான் பல இடங்களில் காரணம்.

வசதி குறைந்த இடங்களில் உள்ள பள்ளிகளுக்கென்று உலகச் சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட அளவுகள்: 25 பெண்பிள்ளைகளுக்கு ஒரு கழிவறை, 50 ஆண்பிள்ளைகளுக்கு ஒரு கழிவறையும் ஒரு சிறுநீர் கழிப்பிடமும், ஆசிரியர்களுக்கு ஆண், பெண் தனித்தனியாக ஒவ்வொன்று. 200 பெண், 200 ஆண் என்றால் பெண்களுக்கு 8, ஆண்களுக்கு 4 கழிவறையும் 4 சிறுநீர் கழிப்பிடமும். ஒரே ஆண்டில் எல்லாம் வேண்டாம். முதல் ஆண்டு 80 பேருக்குப் பெண்களுக்கு இரண்டு, ஆண்களுக்கு ஒன்று, ஆசிரியர்களுக்கு இரண்டு போதும். ஆனால் மொத்தத்துக்கும் இடமும் குழாய்ப் பாதையும் இப்போதே விட்டுவையுங்கள். வகுப்பறையிலிருந்து 30 மீட்டருக்கு மேல் தள்ளிப் போகக் கூடாது. கழிவுக் குழி கிணற்றிலிருந்து 30 மீட்டராவது தள்ளியும், குழியின் அடி மழைக்கால நிலத்தடி நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீட்டர் மேலேயும் இருக்க வேண்டும்.

பெண்கள் கழிவறையில் உள்ளே தாழ்ப்பாள், உள்ளேயே ஒரு குழாய், துணி மாட்ட ஆணி, மூடியுள்ள குப்பைக்கூடை, வெளிச்சம் ஆகிய ஐந்தும் கட்டாயம். நாப்கின் எரிக்கவோ புதைக்கவோ தனி இடம் வேண்டும். இல்லாவிட்டால் அவை குழிக்குள் போய் முதல் ஆண்டிலேயே அடைத்துக்கொள்ளும். நன்றாகக் கட்டிய கழிவறையைப் பூட்டிச் சாவியை ஆசிரியர் அறையில் மாட்டிவைப்பது எங்கும் காணும் தவறு. பதின்மூன்று வயதுப் பெண் ஆண் ஆசிரியரிடம் போய்ச் சாவி கேட்கமாட்டாள்.

தண்ணீர்: பகல் பள்ளிக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர், தண்ணீர் ஊற்றும் கழிவறைக்கு ஆளுக்கு 1.5 முதல் 3 லிட்டர் கூடுதல். 420 பேருக்கு எல்லாம் சேர்த்து நாளுக்கு 3,400 லிட்டர் வரை. மோட்டார் பழுதானாலும் இரண்டு நாள் ஓட வேண்டும் என்று வைத்து 7,000 லிட்டர் தொட்டி அமையுங்கள். கூரை மழைநீரும் கைகொடுக்கும்: 300 சதுர மீட்டர் தகரக் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் சிதறல் போக ஏறக்குறைய 6,000 லிட்டர் கிடைக்கும். மழையின் முதல் தண்ணீரைக் கூரை அழுக்கோடு வெளியே விட ஒரு தனிக் குழாய் வையுங்கள்.

குடிநீர்த் தொட்டிக்கு பிளீச்சிங் பவுடர் போடுவதென்றால், 30 சதவீதம் குளோரின் உள்ள பவுடரில் 1,000 லிட்டருக்கு 7 கிராம் அளவில் தொடங்குங்கள். தனி வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி அரை மணி நேரம் விட்டு, குழாயில் சோதித்துப் பாருங்கள். லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். கலங்கல் நீரில் இது வேலை செய்யாது. பொட்டலம் பிரித்துப் பல வாரம் ஆன பவுடரின் வீரியமும் போயிருக்கும். இதற்கெல்லாம் ஒரே ஒருவரை, பெயர் சொல்லி, சம்பளத்தோடு பொறுப்பாக்குங்கள். "எல்லாரும் பார்த்துக்கொள்வோம்" என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் பாதிக்கு மேல் மற்ற மதத்தார். அவர்கள் பிள்ளைகளைச் சேர்த்தால் ஜெபத்தையும் வேதபாடத்தையும் எப்படி நடத்துவது? விட்டுவிட்டால் கிறிஸ்தவப் பள்ளி என்று எப்படிச் சொல்வது?
– ஒரு சபை மூப்பர்

பதில்: விட வேண்டியதில்லை, திணிக்கவும் கூடாது. 1948-ம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனத்தின் 18-ம் பிரிவு மதச் சுதந்திரத்தையும், 26-ம் பிரிவு தம் பிள்ளைக்கு எப்படிப்பட்ட கல்வி வேண்டும் என்று தேர்ந்தெடுக்கப் பெற்றோருக்கு உள்ள உரிமையையும் சொல்கின்றன. உங்கள் நாட்டுச் சட்டம் இன்னும் திட்டமாகச் சொல்லக்கூடும், முதலில் அதைப் படியுங்கள்.

சேர்க்கைப் படிவத்திலேயே தெளிவாக அச்சிடுங்கள்: இது கிறிஸ்தவப் பள்ளி, காலையில் பதினைந்து நிமிடம் வழிபாடு உண்டு, வாரம் இரண்டு பாடவேளை வேதபாடம், விரும்பாதவர்களுக்கு அதே நேரத்தில் நீதிபோதனை. பெற்றோர் இரண்டில் ஒன்றில் கையெழுத்திடட்டும். நீதிபோதனை வகுப்புக்கு உண்மையான பாடத்திட்டமும் பொறுப்பான ஆசிரியரும் வேண்டும். மற்றப் பிள்ளைகள் ஜெபிக்கும்போது இவர்களை வராந்தாவில் சும்மா நிறுத்திவைத்தால் அது தண்டனையாகவே படும். வழிபாட்டுக்கு வராதவர்கள் அந்தப் பதினைந்து நிமிடம் நூலகத்தில் ஓர் ஆசிரியரோடு இருக்கட்டும்.

கட்டணச் சலுகை, விடுதி இடம், வகுப்புத் தலைவர் பதவி எதையும் ஞானஸ்நானத்தோடோ சபை வருகையோடோ தொடர்புபடுத்தாதீர்கள். அப்படி ஒரே ஒருமுறை நடந்தாலும் ஊர் மறக்காது. அப்படிச் சேரும் ஆத்துமாவும் நிலைக்காது. உங்கள் பள்ளி கிறிஸ்துவினுடையது என்பது பின்வரிசைப் பிள்ளையை ஆசிரியர் எப்படி நடத்துகிறார் என்பதில் தெரியும். பிரம்பு இல்லாத பள்ளி என்று முதல் நாளே அறிவித்துப் பாருங்கள், பெற்றோர் கேள்வி கேட்க வருவார்கள். சுவிசேஷத்தைப் பேச அதுவே நல்ல இடம்.

கேள்வி: போதகரே தாளாளர், அவருடைய மனைவி தலைமையாசிரியை, மகன் கணக்கர் என்று எங்கள் சபையில் பேசி முடித்திருக்கிறார்கள். நல்ல குடும்பம்தான். இதில் தவறு உண்டா?
– பெயர் குறிப்பிட விரும்பாத வாசகர்

பதில்: அந்தக் குடும்பத்தின் நன்மைக்காகவே இதைத் தடுக்க வேண்டும். ஒரு சின்னச் சந்தேகம் எழுந்தாலும் அதை நீக்க வெளியார் ஒருவர்கூட உள்ளே இருக்கமாட்டார். நிர்வாகக் குழு ஏழு அல்லது ஒன்பது பேராக இருக்கட்டும். அதில் சபைப் பிரதிநிதிகள், கல்வி அனுபவமுள்ள இருவர், கணக்கு தெரிந்த ஒருவர், பெற்றோரில் ஒருவர், ஊரில் மதிக்கப்படும் ஒருவர் இருக்கலாம். பெண்கள் மூவராவது வேண்டும். பதவிக்காலம் மூன்று ஆண்டு, ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பங்கு மாறட்டும். எல்லாரும் ஒரே நாளில் மாறினால் பள்ளியின் நினைவே போய்விடும். தலைமையாசிரியர் குழுவில் உட்கார்ந்து அறிக்கை தரலாம், வாக்கு வேண்டாம். உறவினர் நியமனம் பேசப்படும்போது சம்பந்தப்பட்டவர் எழுந்து வெளியே போக வேண்டும் என்று விதியிலேயே எழுதுங்கள். பள்ளி மூடப்பட்டால் சொத்து தனியாருக்குப் போகாமல் இதே நோக்கமுள்ள இன்னொரு அமைப்புக்குப் போகும் என்ற வரியும் அவசியம்.

ஒரே ஊரில் இரண்டு சபைகள் இரண்டு சிறு பள்ளிகள் தொடங்குவதைவிடச் சேர்ந்து ஒன்று தொடங்குவது மேல். கென்யாவின் கிக்குயூவில் 1926-ல் தொடங்கிய அலையன்ஸ் உயர்நிலைப்பள்ளி பல புராட்டஸ்டண்ட் மிஷன்கள் கைகோத்து அமைத்தது. அதன் பெயரே அந்தக் கூட்டைச் சொல்கிறது. சேர்ந்து நடத்துவதென்றால் ஞானஸ்நானம், திருவிருந்து போன்ற கருத்து வேறுபாடுள்ளவற்றைச் சபைக்கு விட்டுவிடுவோம் என்று முதலிலேயே எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கேள்வி: நல்ல ஆசிரியர்கள் வருகிறார்கள், ஒரே ஆண்டில் போய்விடுகிறார்கள்.
– ஒரு தாளாளர்

பதில்: மூன்று காரணங்கள்: தங்க வீடு இல்லை, சம்பளம் சொன்ன தேதிக்கு வருவதில்லை, ஞாயிற்றுக்கிழமையும் விடுப்பு நாளும் ஊழியம் என்ற பெயரில் வேலை. ஆசிரியரின் அழைப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன் இந்த மூன்றையும் சரிசெய்யுங்கள். பெரிய கலையரங்கத்துக்கு முன்னால் நான்கு சிறு குடியிருப்புகளைக் கட்டுங்கள். தண்ணீரும் பாதுகாப்பும் இருந்தால் தனியாக வரும் ஆசிரியைகளும் தங்குவார்கள். கணிதத்துக்கும் அறிவியலுக்கும் வெளியூர் ஆளை மட்டும் நம்பாமல், அந்த வட்டாரத்திலேயே படித்து வேலையில்லாமல் இருக்கும் பட்டதாரிகளைத் தேடி, ஆசிரியர் பயிற்சிக்கு உதவித்தொகை கொடுத்து அழைத்துவாருங்கள். சொந்த ஊர்க்காரர் நிலைப்பார்.

அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டிவைத்து ஆளை நிறுத்துவது சில பள்ளிகளில் வழக்கம். செய்யாதீர்கள். சரிபார்த்துப் பிரதி எடுத்துக்கொண்டு அன்றே திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: முதல் ஆண்டே ஆய்வகம் வேண்டுமா?
– அறிவியல் ஆசிரியர்

பதில்: தனி அறை வேண்டாம், கருவிகள் வேண்டும். 40 பேரை நான்கு பேராகப் பிரித்தால் 10 தொகுதி. தராசு, அளவுக் குவளை, வெப்பமானி, லென்ஸ், காந்தம், மின்கலம், கம்பி, பல்பு ஆகியவற்றைப் பத்துப் பெட்டிகளில் போட்டு வகுப்புக்கு எடுத்துப் போகலாம். மூன்றாம் ஆண்டில் அறை கட்டும்போது இரண்டு கதவுகள், வெளிப்புறமாகத் திறப்பவை. எரிவாயு உருளை கட்டிடத்துக்கு வெளியே. அமிலப் புட்டிகள் கண் மட்டத்துக்கு மேலே போகாமல் அடித்தட்டில், பூட்டோடு. நீர்க்க வைக்கும்போது தண்ணீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாக விட வேண்டும், மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும் என்பதைச் சுவரில் எழுதிவையுங்கள்.

கேள்வி: தொலைதூரப் பிள்ளைகளுக்காகத் தொடக்கத்திலேயே விடுதியும் நடத்தலாமா?
– ஓர் ஊழியர்

பதில்: முதல் இரண்டு ஆண்டுகள் வேண்டாம். பகல் பள்ளி எட்டு மணி நேரப் பொறுப்பு. விடுதி இருபத்துநான்கு மணி நேரமும். அதற்கென்று பயிற்சி பெற்ற, இரவில் விழித்திருக்கும் ஆட்கள் இல்லாமல் தொடங்கும் விடுதியில் நோயும் துன்புறுத்தலும் சத்தமில்லாமல் வளரும்.

பிறகு தொடங்கும்போது கவனியுங்கள்: தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 20 லிட்டர். கட்டில்களுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளி; நெருக்கினால் காய்ச்சலும் சொறியும் ஒரே வாரத்தில் எல்லாருக்கும் பரவும். ஒவ்வொரு படுக்கை அறைக்கும் எதிரெதிராக இரண்டு வாசல், இரவில் வெளியே பூட்டக் கூடாது, சன்னல் கம்பியில் ஒன்றாவது உள்ளிருந்து திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். 2001-ல் கென்யாவில் ஒரு பள்ளி விடுதித் தீயில் 67 மாணவர்கள் இறந்தார்கள். ஒரு கதவு பூட்டியிருந்தது, சன்னல்களில் கம்பி. திருட்டுக்குப் பயந்து பூட்டுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

பிள்ளைகள் பாதுகாப்பு விதிகள் பகல் பள்ளிக்கும் சேர்த்துத்தான். பெரியவர் ஒருவர் பிள்ளை ஒன்றோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. அது ஆலோசனையானாலும் ஜெபமானாலும் சரி. வேலைக்கு எடுக்குமுன் முந்தைய இரண்டு இடங்களில் தொலைபேசியில் விசாரியுங்கள், கடிதம் மட்டும் போதாது. புகார் பெட்டியைப் பள்ளியில் வேலை பார்க்காத இருவர் வாரம் ஒருமுறை சேர்ந்து திறக்கட்டும். புகார் வந்தால் சபைக்குள் பேசி முடிக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். சட்டம் சொல்லும் அதிகாரியிடம் அன்றே போக வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் விசாரணை முடியும்வரை பிள்ளைகளிடமிருந்து விலகியிருக்க வேண்டும். சபையின் பெயர் கெடும் என்று மறைத்த இடங்களில்தான் பிள்ளைகளும் கெட்டார்கள், பெயரும் கெட்டது.

கேள்வி: நேர்காணலுக்கு வந்த பிள்ளைகளில் பலருக்கு ஒரு பத்தியைக்கூடச் சரளமாக வாசிக்க வரவில்லை. நுழைவுத் தேர்வு வைத்து நல்லவர்களை மட்டும் எடுக்கலாமா?
– வரவிருக்கும் தலைமையாசிரியை

பதில்: வடிகட்டினால் முடிவுகள் அழகாக வரும், ஆனால் யாருக்காகப் பள்ளி தொடங்குகிறீர்களோ அவர்கள் வெளியே நிற்பார்கள். தேர்வு வையுங்கள், சேர்ப்பதற்கல்ல, நிலை அறிவதற்கு. ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்து எழுத்து, சொல், வாக்கியம், பத்தி என்று வாசிக்கச் சொல்லுங்கள். கூட்டல், கடன் வாங்கிக் கழித்தல், வகுத்தல் போடச் சொல்லுங்கள். ஒருவருக்குப் பத்து நிமிடம். 80 பேரை நான்கு ஆசிரியர்கள் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

முதல் எட்டு வாரம் பாடப்புத்தகத்தை வேகமாகத் தள்ளாமல், நாளுக்கு இரண்டு பாடவேளையை வாசிப்புக்கும் கணக்குக்கும் ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் இரண்டு பிரிவுகளையும் கலைத்து, நிலைப்படி நான்கு குழுக்களாக உட்கார வையுங்கள். மிகவும் பின்தங்கிய குழு சிறியதாக, 12 பேருக்கு மேல் போகாமல் இருக்கட்டும். அதை உங்கள் மிகச் சிறந்த ஆசிரியரிடம் கொடுங்கள். புதியவரிடம் தள்ளிவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திரும்ப வாசிக்க வைத்து, தேறியவரை அடுத்த குழுவுக்கு மாற்றுங்கள். எட்டாம் வாரத்திலும் வாசிக்க வராதவர்கள் சிலர் இருப்பார்கள். அவர்களுக்குக் கண்ணையும் காதையும் சோதியுங்கள். கரும்பலகை தெரியாததே சில பிள்ளைகளின் முழுப் பிரச்சினையாக இருக்கும். மற்றவர்களுக்கு ஆண்டு முழுவதும் காலை வழிபாட்டுக்கு முன் அரை மணி நேரம் தொடருங்கள். அந்த அரை மணி நேரத்தையும் ஆசிரியரின் 28 பாடவேளைக் கணக்குக்குள் சேர்த்துவிடுங்கள்.